போர்ட்டிக்சன் போகிறீர்களா? விடுதியைப் பிடிக்குமுன் கடலின் நேரத்தைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினாலும் சரி, வார இறுதியோடு பொது விடுமுறை சேர்ந்து வந்தாலும் சரி, கோலாலம்பூர், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் முதலில் அடிபடும் பெயர் போர்ட்டிக்சன்தான். தலைநகரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், சிரம்பானிலிருந்து 32 கிலோமீட்டர். தோட்டத்து லாரியில் பாயும் சோற்றுப் பானையுமாக ஏறிப் போன காலம் தொட்டு, இன்று வாடகை வேனில் மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் காலம் வரை, நம்மவர்களுக்கு மிகவும் பழகிய கடற்கரை இது.

இருந்தும் அங்கே போய் மனம் சலித்துத் திரும்புகிறவர்கள் பலர். "தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது, காலடியில் சேறுதான்", "போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்", "இரண்டு தட்டு மீனுக்கு இவ்வளவா?" என்பவை வழக்கமாகக் காதில் விழும் குறைகள். இவற்றுள் பெரும்பாலானவற்றைப் புறப்படுவதற்கு முன்பே தவிர்த்துவிடலாம். அதற்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போர்ட்டிக்சன் கடலுக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது என்பதே. இன்பமாகக் குளிப்பதற்கும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டி வருவதற்கும் அந்த நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

கடல் ஏன் 'ஓடிப் போகிறது'?

போர்ட்டிக்சன் மலாக்கா நீரிணையை ஒட்டிய ஊர். இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்தின் உச்சத்திலிருந்து அடுத்த வற்றத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். தெலுக் கெமாங் போன்ற இடங்களில் கரை மெல்லச் சரிந்து இறங்குவதால், நீர் மட்டம் கொஞ்சம் தாழ்ந்தாலே கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அந்த நேரத்தில் போய் இறங்குபவர்களுக்குக் கிடைப்பது சேறும் கலங்கல் நீரும்தான்.

இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அது 10.50 ஆகிவிடும். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிவாக்கில்தான் உச்சம் வரும். முதல் வாரம் போன குடும்பம் "அருமையான கடல்" என்று புகழ, அதைக் கேட்டு மறு வாரம் அதே காலை 10 மணிக்குப் போகும் குடும்பம் சேற்றைப் பார்த்துவிட்டு வரும். கடற்கரை மாறவில்லை, கடலின் நேரம்தான் மாறியது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் பழைய நேரம் திரும்பி வரும்.

கைப்பேசியில் 'போர்ட்டிக்சன் பாசாங் சூருட்' என்று மலாயில் தேடினால், அந்தந்த நாளின் ஏற்ற வற்ற நேரங்கள் கிடைக்கும். காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள், அல்லது மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் ஏற்றத்தின் உச்சம் வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உச்சி வெயிலும் இருக்காது, நீரும் கரையருகே இருக்கும். விடுதியை முதலில் பதிவு செய்துவிட்டுக் கடலைப் பார்ப்பதைவிட, கடலைப் பார்த்து நாளைக் குறித்துக்கொண்டு விடுதியைத் தேடுவதே சரியான முறை.

சுவர் நாள்காட்டியே சொல்லும்

கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் குறிக்கப்பட்டிருக்கும். நிலவும் சூரியனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று கடலை ஈர்ப்பதால், இந்த நாள்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அப்போது இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தைத் தாண்டிவிடும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு குறைவு, நீரோட்டமும் மெதுவாக இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த நாள்கள் ஏற்றவை.

ஒரே கடற்கரையில் அமாவாசைக்கு அமாவாசை ஏற்றத்தின் உச்சம் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். ஒருமுறை பார்த்து நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு ஆண்டு முழுவதும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாள்களில் மூத்தோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குச் செல்வோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அன்றைய கடல், மாதத்தின் பெரிய ஏற்ற வற்றங்களில் ஒன்றில் இருக்கும். வயதானவர்கள் முழங்கால் அளவுக்கு மேல் இறங்காமலும், இளையவர் ஒருவர் கைபிடித்தபடி உடன் நிற்பதும் நல்லது.

எந்தக் கடற்கரைக்குப் போவது?

போர்ட்டிக்சன் நகரிலிருந்து தஞ்சோங் துவான் முனை வரை கரை சுமார் 18 கிலோமீட்டர் நீள்கிறது. பெரியவர்கள் இன்றும் மைல் கணக்கில்தான் இடம் சொல்வார்கள். ஏழாம், எட்டாம் மைல் பகுதியில் இருப்பதுதான் தெலுக் கெமாங். கடைகள், குளியல் அறைகள், வாழைப்பழப் படகு, கூட்டம் எல்லாம் இங்கே. பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு வசதியான இடம். ஆனால் பொது விடுமுறை நாளில் காலை 10 மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும்.

நகருக்கு அருகிலுள்ள சவுஜானா கடற்கரை, மாலையில் பாய் விரித்து உட்கார ஏற்றது. போர்ட்டிக்சன் மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரியன் கடலிலேயே இறங்கும். மாலை ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். தஞ்சோங் துவான் அருகே 'புளூ லகூன்' என்று வழங்கப்படும் தஞ்சோங் பீரு, முனையின் மறைவில் அமைந்த சிறிய குடாப் பகுதி. நீர் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு இடையே நண்டு, சிப்பி பார்க்கலாம். இங்கே செருப்புப் போட்டே நடக்க வேண்டும், பாறைகள் காலைக் கிழித்துவிடும்.

அமைதியான கடலில்தான் அசட்டை வரும்

கிழக்குக் கரையைப் போல இங்கே பெரிய அலைகள் கிடையாது. அதனாலேயே பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அமைதியான நீரிலும் உயிர் போகும் என்பதை மறக்கக்கூடாது.

முதலாவது, நீர் ஏறும் வேகம். ஆறு மணி நேரத்தில் ஏறும் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு. மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மட்டும் சேர்த்து ஆறு பங்கு, அதாவது மொத்த ஏற்றத்தில் பாதி ஏறிவிடும். வற்றிக் கிடந்தபோது மணல் திட்டு வரை நடந்து போய் விளையாடுகிறவர்கள், முதல் இரண்டு மணி நேரத்தில் "மெதுவாகத்தானே ஏறுகிறது" என்று நினைப்பார்கள். திரும்பிப் பார்க்கும்போது கரைக்கும் திட்டுக்கும் நடுவே நீர் நிறைந்திருக்கும். நீர் ஏறத் தொடங்கியதுமே கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தஞ்சோங் துவான் பாறைகளைச் சுற்றிப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவது, நீர் வற்றும் நேரம். அப்போது ஓட்டம் கடலை நோக்கி இருக்கும். காற்றடைத்த வளையம், வாத்துப் பொம்மை, மெத்தை போன்றவை நீச்சல் தெரியாத பிள்ளையை ஆழத்துக்குக் கொண்டு போய்விடும். அவை விளையாட்டுப் பொருள்களே, உயிர்காக்கும் சாதனம் ஆகா. குளிப்பதற்கு நல்ல நேரம், ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் உச்சத்தை ஒட்டிய சிறிது நேரமும்தான்.

மூன்றாவது, கவனம். மூழ்குகிற பிள்ளை கூச்சல் போடுவது அரிது. வாய் நீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, உடல் நிமிர்ந்தபடி, ஓசையில்லாமல் உள்ளே போகும். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தாலும், "அண்ணன் பார்த்துக்கொள்வார்", "சித்தி பார்த்துக்கொள்வாள்" என்று ஒவ்வொருவரும் நினைத்தால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் பொருள். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கைப்பேசியைத் தொடக்கூடாது. மது அருந்தியவர் அந்த முறையிலும் சேரக்கூடாது, நீரிலும் இறங்கக்கூடாது. சிறு பிள்ளைகள் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உடையும் முக்கியம். சேலையும் தாவணியும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். பெண்களுக்கு முழுக்கை டீ-சட்டையும் இறுக்கமான கால்சட்டையும் போதும். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறங்கள் நல்லது. நீலமும் வெள்ளையும் நீரில் கண்ணுக்குப் படாது.

யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர்கள் குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் மூழ்குவதே இத்தகைய விபத்துகளில் பெரிய சோகம். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கலன், ஐஸ் பெட்டி, கயிறு என மிதக்கவோ இழுக்கவோ உதவும் எதையாவது வீசுங்கள். உடனே 999 எண்ணை அழையுங்கள். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம்.

சொறிமீன் எனப்படும் ஜெல்லி மீன் பட்டு எரிச்சல் எடுத்தால், அந்த இடத்தைத் தேய்க்கவோ நல்ல தண்ணீரில் கழுவவோ கூடாது. வினிகரை நன்றாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறிய வினிகர் போத்தல் ஒன்றைச் சாப்பாட்டுக் கூடையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வெயில் நேரத்தை வீணாக்காதீர்கள்

காலை 11 மணியிலிருந்து பிற்பகல் நான்கு மணி வரை மணலில் கிடந்தால் தலைவலிதான் மிஞ்சும். அந்த நேரத்துக்குப் போர்ட்டிக்சனில் வேறு இடங்கள் உண்டு.

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் அவற்றுள் முதன்மையானது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே விளக்கு ஏற்றினார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1863இல் எழுந்தது. 1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் மோதிய கடற்போர் இந்த முனைக்கு எதிரேதான் நடந்தது. பிள்ளைகளுக்கு வியப்பூட்டும் ஒரு செய்தியும் உண்டு. நெகிரி செம்பிலான் நிலத்தை ஒட்டியே இருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமானது. மேலே ஏறும் பாதையில் மர நிழல் இருப்பதால் வெயில் அவ்வளவாகத் தெரியாது. குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும், கவனம்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இங்கே இன்னொரு காட்சியும் கிடைக்கும். சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள், நீரிணை குறுகியிருக்கும் இந்த இடத்தில்தான் கடலைக் கடக்கின்றன. வெயில் ஏறி, நிலத்திலிருந்து சூடான காற்று மேலெழும் நடுப்பகல் வேளையில் அவை கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேல் வட்டமிடும்.

நகருக்குள் நுழையுமுன் வரும் லுக்குட்டில், ராஜா ஜுமாட் 1847இல் கட்டிய கோட்டையின் எச்சங்களும் அருகிலேயே அருங்காட்சியகமும் உள்ளன. அக்காலத்தில் லுக்குட் பெரிய ஈய நகரம். 1857இல் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் தேட ஆள் அனுப்பிய முயற்சியில் ராஜா ஜுமாட்டும் அவர் சகோதரர் ராஜா அப்துல்லாவும் முன்னின்றார்கள். கோலாலம்பூர் உருவானது அந்த முயற்சியால்தான். வரலாற்றுப் பாடத்தில் படித்ததைப் பிள்ளைகள் இங்கே நேரில் பார்க்கலாம். கடற்கரைச் சாலையில் உள்ள தரைப்படை அருங்காட்சியகத்தில் பழைய டாங்கிகளும் பீரங்கிகளும் விமானங்களும் வைக்கப்பட்டுள்ளன.

போர்ட்டிக்சன் துறைமுகமும் ஈயத்தை ஏற்றுமதி செய்ய வளர்ந்த ஊர்தான். சிரம்பானிலிருந்து இங்கு 1891இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னாளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வெட்டிய பாலும் இந்த வழியாகக் கடலுக்குப் போனது. பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால், அந்தக் காலத்துப் பயணங்களைப் பற்றிக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கைக்காசு கரையாமல் இருக்க

அண்மைக் காலத்தில் விடுமுறைப் பயணிகளை அதிகம் அழவைப்பது போலி விடுதி விளம்பரங்கள். சமூக ஊடகத்தில் நீச்சல் குளத்தோடு அழகான வீட்டின் படம், சந்தை விலையில் பாதி, "இன்றே முன்பணம் போட்டால்தான் கிடைக்கும்" என்ற அவசரம். இம்மூன்றும் சேர்ந்து வந்தால் ஐயப்பட வேண்டும். பணம் போடுவதற்கு முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதித்துப் பாருங்கள். தனியார் பெயரில் உள்ள கணக்குக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல், உடனே வங்கிக்குத் தெரிவித்து 997 எண்ணை அழைக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கடலுணவுக் கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே, விலை 100 கிராமுக்கா, ஒரு கிலோவுக்கா என்று கேளுங்கள். எடை போட்ட பிறகு மொத்த விலையைக் கேட்டுக்கொண்டு சமைக்கச் சொல்லுங்கள். வாழைப்பழப் படகில் ஏறுமுன் கட்டணம் ஒருவருக்கா, ஒரு சுற்றுக்கா என்பதையும், பிள்ளையின் அளவுக்கு ஏற்ற மிதவைச் சட்டை இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மிதவைச் சட்டை தளர்வாக இருந்தால் ஏற்ற வேண்டாம்.

வீட்டிலிருந்து கட்டுச்சோறு எடுத்துப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பும் நாசி லெமாக்கும் வண்டிச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். அவற்றைக் காலை உணவாகவே முடித்துவிட்டு, மதியத்துக்குப் புளிச்சோறும் உலர்ந்த பிரட்டலும் வைத்துக்கொள்வது நம் பாட்டிமார் கண்ட வழி. குளியல் அறைக்குச் சில்லறை, ஈரத்துணிக்கு ஒரு பை, குப்பைக்கு ஒரு பை ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிநாட்டவர் விடுதியில் தங்கினால், அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது, எப்படிப் போவது?

ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத் தாக்கும்போதும் போர்ட்டிக்சன் பெரும்பாலும் போகக்கூடிய நிலையில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். இடி கேட்டதும் நீரிலிருந்தும் மணலிலிருந்தும் வெளியேறிக் கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ சென்றுவிட வேண்டும். மரத்தடி பாதுகாப்பன்று.

வண்டி வைத்திருப்போர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்து சிரம்பான் - போர்ட்டிக்சன் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். அதில் டோல் உண்டு. டோல் இல்லாமல் போக மம்பாவ், லுக்குட் வழியாகப் பழைய சாலை இருக்கிறது. வண்டி இல்லாதவர்கள் கம்யூட்டர் இரயிலில் சிரம்பான் வந்து, டெர்மினல் ஒன் நிலையத்தில் பேருந்து ஏறலாம். போர்ட்டிக்சன் நகரில் இறங்கிக் கடற்கரைக்கு மேலும் சில மைல் போக வேண்டும் என்பதால், கிராப் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கிய உடனே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நாள் போதும்

ஞாயிறு மட்டுமே விடுப்புக் கிடைக்கும் குடும்பம், காலை 10 மணிக்கு ஏற்றம் உச்சத்தில் வரும் நாளைப் பிடித்தால் இப்படித் திட்டமிடலாம். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஏழரைக்குள் கடற்கரையில் இருங்கள். காலை உணவுக்குப் பிறகு எட்டரையிலிருந்து பத்தரை வரை குளியல். பதினொன்றுக்கு உடை மாற்றி, கட்டுச்சோற்றை முடித்துக்கொண்டு தஞ்சோங் துவான் அல்லது அருங்காட்சியகம். ஞாயிறு மாலை நெரிசல் தொடங்குவதற்குள், பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பலாம். மாலை ஏற்றமாக இருந்தால் இதையே திருப்பிப் போடுங்கள். மதியம் லுக்குட், மாலை நான்கு மணிக்கு மேல் கடல், சூரியன் மறைந்த பிறகு சாப்பாடு. இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்பட்டால் சாலையும் ஓரளவு இளகியிருக்கும்.

அடுத்த விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முதலில் நாள்காட்டியைப் புரட்டி அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிடுங்கள். கரையில் யார் எப்போது பிள்ளைகளைக் கவனிப்பது என்பதையும் வண்டியில் ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.